மொட்டை பிராம்ப்டும் மறந்து போன வேலையும்

மக்களே, இந்த வாரம் ஊர்க்கதை இல்லை, பொட்டி தட்டற கதை. ஆனாலும் தங்கமணிகள், ரங்கமணிகள் எல்லாரும் படிக்கலாம். நம்ம ஆளுங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல கறுப்புத் திரையை முறைச்சுப் பார்த்துக்கிட்டு என்னதான் ஆணி பிடுங்கறாங்கன்னு கொஞ்சம் புரியும்.

அந்தக் கறுப்புத் திரையில் "சொல்லுங்க, என்ன செய்யணும்?" என்று ஒரு சின்னக் குறி காத்துக்கிட்டு நிற்கும். பெரும்பாலும் $. அதுக்குப் பேர்தான் ஷெல் பிராம்ப்ட். ஒரு நாளைக்குச் சில நூறு தடவை எங்க கண்ணில் படற இடம் அது. அங்கே என்ன காட்டலாம் என்பதில் எங்க தொழிலில் ரெண்டு கட்சி. ஒரு கட்சி மணி, பேட்டரி, பைத்தான் பதிப்பு, கிளையின் பெயர் என்று கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி எல்லாத்தையும் தொங்க விடும். இன்னொன்று மொட்டைக் கட்சி. $ மட்டும் போதும், வேற எதுவும் கண்ணை உறுத்தக் கூடாது என்பாங்க. "கிட் நிலவரம் தெரியணுமா? கிட் ஸ்டேட்டஸ்னு தட்டிப் பாரு. நினைவூட்டல் எல்லாம் பிராம்ப்ட்டோட வேலை இல்லை."

எனக்கும் மொட்டைதான் பிடிக்கும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மொட்டைக் கட்சி பேசறது வறட்டுப் பிடிவாதம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கிட் பற்றி ரெண்டு வரி. எழுதின நிரலில் எப்போ என்ன மாத்தினோம் என்று கணக்கு வைக்கிற மென்பொருள். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் வேலைக்காக எழுத ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி இருந்த சிவிஎஸ், சப்வெர்ஷன் இதிலெல்லாம் 'கமிட்' கொடுத்தால் வேலை நேரா நடுவில் இருக்கிற சர்வருக்குப் போயிடும். கிட்டில் அப்படி இல்லை. கமிட் என்பது நம்ம வீட்டு பீரோவில் வச்சுப் பூட்டறது. 'புஷ்' கொடுத்தால்தான் பேங்க் லாக்கருக்குப் போகும். ஆக, மறக்கறதுக்கு ஒண்ணுக்கு ரெண்டு இடம்.

மறந்தா என்ன ஆகும்? எங்க அணியில் ஒரு தம்பி, தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினார். வேலை முடிஞ்சது, கமிட்டும் பண்ணியாச்சு, புஷ் பண்ணலை. லேப்டாப்பை நாட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது என்பது ஆபீஸ் விதி, அதனால் டிராயரில் பூட்டிட்டுப் போயிட்டார். டிஸ்க் முழுக்க ரகசியக் குறியாக்கம், அவரைத் தவிர யாரும் திறக்க முடியாது. இங்கே டொராண்டோவில் மத்தியானம் பன்னெண்டரை, அங்கே ராத்திரி பதினொண்ணு. வரவேற்பு மேடைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு தம்பி போனில் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தார். ரெண்டு பேர் உட்கார்ந்து அவர் வேலையை மறுபடி முதலில் இருந்து எழுதினாங்க. வருஷக் கடைசி மதிப்பீட்டில் அது ஒரு வரியா ஏறிச்சு. அவருடைய வேலை அனுமதியே அந்தக் கம்பெனி பெயரில்தான் இருக்கு. உள்ளூர்க்காரனுக்கு அது ஒரு சின்னத் திட்டு. நமக்கு வீட்டு வாடகை, பிள்ளை பள்ளிக்கூடம், ஊரில் அப்பாவுடைய மருந்துச் செலவு எல்லாம் அதில் தொங்குது.

"ஞாபக சக்தி இல்லாதவன் எதுக்குப்பா இந்தத் தொழிலுக்கு வர்றான்?" என்பது மொட்டைக் கட்சியின் முதல் கேள்வி. அண்ணே, யூனிக்ஸின் ஆரம்ப காலத்தில் இருந்தே நிர்வாகி கணக்கில் நுழைஞ்சா பிராம்ப்ட் # என்று மாறுமே, அது எதுக்கு? "பார்த்து, ஒரு கட்டளையில் மொத்த மெஷினையும் அழிச்சிடுவே" என்கிற நினைவூட்டல்தானே? நீங்க கும்பிடற மொட்டை பிராம்ப்ட்டே பிறவியில் இருந்து நினைவூட்டிக்கிட்டுத்தான் இருக்கு :-)

ரெண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது. எப்பவும் கண் முன்னாடி இருக்கிறது கண்ணுக்குத் தெரியாம போயிடும் என்பாங்க. நூத்துக்கு நூறு உண்மை. நான் ஆனைகட்டிக்காரன். கோயமுத்தூரில் இருந்து தடாகம், மாங்கரை செக்போஸ்ட் தாண்டிக் காட்டுக்குள்ள ஏறினா யானை படம் போட்ட பலகைகள் வரும். தினமும் போறவங்க யாரும் அதைப் பார்க்கறதே இல்லைங்க. ஆனால் எதிரில் வர்ற பஸ்காரர் ஹெட்லைட்டை ரெண்டு தடவை அணைச்சுப் போட்டா, அத்தனை வண்டியும் அங்கேயே நிற்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் நிஜமாவே யானை நிற்குதுன்னு அர்த்தம்.

பெரிய அளவிலும் இதே பாடம்தான். 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் ரயில் மோதி மூணு யானைகள் செத்துப் போச்சு. 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் தமிழ்நாடு வனத்துறை தண்டவாளம் ஓரமா 12 கோபுரங்களில் கேமராக்களை வச்சாங்க. யானை தண்டவாளத்தை நெருங்கினா அது ரயில்வேக்கும் வனத்துறைக்கும் தகவல் கொடுக்கும். "இது யானைக் காடு" என்று சும்மா தினமும் சொல்லிக்கிட்டு இருக்காது.

பிராம்ப்ட்டுக்கும் இதுதான் விதி. வேலையை முடிச்சா அணைஞ்சு போகிற குறி உள்ளே வரலாம். நாம என்ன செஞ்சாலும் அணையாத குறி வெளியே போகணும். மணி அணையாது, வெளியே. பேட்டரி, பைத்தான் பதிப்பு, வெளியே. கமிட் ஆகாத மாற்றம் இருந்தா ஒரு *, கமிட் பண்ணினா அணைஞ்சிடும், உள்ளே. புஷ் ஆகாதது இருந்தா ஓர் அம்பு, உள்ளே. ரெண்டு கிளையை இணைக்கிற வேலை பாதியில் நிற்குதா, ஒரு வார்த்தை, உள்ளே. எல்லாம் சுத்தமா இருந்தா வெறும் $. மொட்டையும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு.

வேடிக்கை என்னன்னா, கிட்டோடவே வர்ற பாஷ் பிராம்ப்ட் நிரல் இதைத் தலைகீழா வச்சிருக்கு. நாம எதையும் மாத்தலைன்னா கிளையின் பெயரை எப்பவும் காட்டும், நட்சத்திரத்தையும் அம்பையும் நாமதான் தேடிப் போய் இயக்கணும். சின்ட்ரே சோர்ஹஸ் எழுதின 'ப்யூர்' என்கிற பிராம்ப்ட்டைப் பாருங்க. மினிமலிசம் என்றாலே பலரும் கைகாட்டற பிராம்ப்ட் அது. அதிலேயே நட்சத்திரமும் மேல், கீழ் அம்புகளும் இருக்கு. ஒரு கட்டளை அஞ்சு நொடிக்கு மேல இழுத்தால்தான் எடுத்துக்கிட்ட நேரத்தையே காட்டும். தேவைப்படும்போது மட்டும் பேசறதுன்னா இதுதான்.

மூணாவது கேள்வி, வேகம். பெரிய நிரல் தொகுப்பில் ஒவ்வொரு எண்டர் தட்டறப்பவும் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தடவிப் பார்த்தா பிராம்ப்ட் திணறும். ஒத்துக்கறேன். ஆனால் ப்யூர் அந்தச் சோதனையைப் பின்னணியில் நடத்துது. 2022-ல் வந்த கிட் 2.37, மாறின கோப்புகளை மட்டும் கவனிக்கிற வசதியை மேக்கிலும் விண்டோஸிலும் உள்ளேயே கொடுத்தது. அப்படியும் திணறினா அந்த ஒரு தொகுப்புக்கு மட்டும் அணைச்சு வைக்கலாம். ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்குன்னு ஊரையே கொளுத்துவாங்களா?

நாலாவது, பாதுகாப்பு. இதுக்குப் பதில் சொல்லியே ஆகணும். பல பேர் புழங்கற கணினியில் வேற ஒருத்தர் வச்சிருக்கிற கிட் அடைவுக்குள்ள நாம நுழைஞ்சாலே போதும், பிராம்ப்ட் ஓட்டற கிட் அவர் எழுதி வச்ச கட்டளையை நம்ம பெயரில் ஓட்டிடலாம் என்கிற ஓட்டை 2022 ஏப்ரலில் வெளியே வந்தது. கிட் 2.35.2 அதை அடைச்சது. அடுத்தவருக்குச் சொந்தமான அடைவில் நாம அனுமதி கொடுக்காம கிட் வேலை செய்யாது. அதனால் பழைய கிட் வச்சிருக்கறவங்க முதலில் அதை மாத்துங்க, அப்புறம் நட்சத்திரம் மாட்டுங்க.

இன்னொரு பொடி விஷயம். ஒரு தடவைகூட புஷ் பண்ணாத புதுக் கிளைக்கு அம்பு வராது, ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம் எதுவும் இல்லையே. ஆகவே கிளை பிறந்த அன்னிக்கே ஒரு புஷ் கொடுத்துப் பெயர் வச்சிடுங்க.

நம்மில் பாதிப் பேர் டிசம்பரில் ஊருக்குப் போறவங்க. பெட்டி எடை பார்ப்போம், பாஸ்போர்ட்டை மூணு தடவை தொட்டுப் பார்ப்போம், அடுப்பை அணைச்சோமான்னு பாதி வழியில் சண்டை போடுவோம். லேப்டாப்பை மூடற அந்தக் கடைசி நிமிஷத்தில் ஞாபகத்தை நம்பச் சொல்றவங்க நமக்காக விமானம் ஏறப் போறதில்லை. $ பக்கத்தில் ஓர் அம்பு நின்னா மூடாதீங்க. அணைச்சிட்டு மூடுங்க.

சரிங்க, ஆணி கூப்பிடுது. வரட்டுங்களா?