ரெண்டு கேபிள் போட்டா மட்டும் போதுமா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பீச் ரோட்டுல காத்து வாங்கிட்டு இருந்தேன். போன் வந்துச்சு. "தம்பி, சர்வர் செத்துப்போச்சு. திங்கக்கிழமை அறுபது பேருக்கு சம்பளம் போடணும்." தெரிஞ்சவர் ஒருத்தரோட சின்ன கம்பெனி.

போய்ப் பாத்தா சர்வர் நல்லாத்தான் இருக்கு. சுவிட்ச்தான் காலி. கொடுமை என்னன்னா, கனெக்ஷன் கட் ஆகக்கூடாதுன்னே ரெண்டு கேபிள் போட்டு லிங்க் அக்ரிகேஷன் பண்ணி வச்சிருந்தாங்க. ரெண்டுமே அதே சுவிட்சுக்கு! லாக் பாத்தா, அதுல ஒரு கேபிள் மூணு மாசமாவே டவுன். யாருக்கும் தெரியல :-(

இந்த டெக்னிக் ஒண்ணும் புதுசு இல்ல. பல ஈதர்நெட் கேபிளைச் சேத்து ஒரே லிங்க்கா காட்டுறது. 2000-ல 802.3ஏடின்னு ஐஈஈஈ தரப்படுத்துச்சு. 2008-ல அது 802.1ஏஎக்ஸ் ஆச்சு.

ரெண்டு 1 கிகாபிட் சேந்தா 2 கிகாபிட்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க. பாதிதான் உண்மை. சென்னைக்குப் போக ஈசிஆர், திண்டிவனம்னு ரெண்டு வழி இருக்கு. அதுக்காக ஒரே பஸ் பாதி இங்க, பாதி அங்கன்னு போகுமா? ஒரு ஃபைல் காப்பி ஒரு கேபிள்லதான் போகும். லினக்ஸ்ல டிஃபால்ட்டா மேக் அட்ரஸை வச்சுத்தான் கேபிளைத் தேர்ந்தெடுக்கும். எல்லாரும் ஒரே ரூட்டர் வழியா வந்தா, சர்வர் அனுப்புற பதில் மொத்தமும் ஒரே கேபிள்லதான்.

சரி, பாதுகாப்பு? வழி ரெண்டு இருந்தாலும் பஸ் ஸ்டாண்ட் ஒண்ணுதானே? அது தண்ணில மூழ்கினா ரெண்டு பஸ்ஸும் கிளம்பாது. 2008 ஜனவரி 30-ல நடந்தது இதே கதைதான். சீ-மீ-வீ 4, ஃபிளாக்னு ரெண்டு கடலடி கேபிளும் எகிப்துல அலெக்சாண்ட்ரியா பக்கத்துல ஒரே நாள்ல அறுந்து, இந்தியாவுல இன்டர்நெட் படுத்துடுச்சு. ஓனர் வேற வேற, போன பாதை கிட்டத்தட்ட ஒண்ணு.

என் கருத்து இதுதான். சின்ன கம்பெனிக்கு வேகத்தை விட உயிர் முக்கியம். விலை கூடின சுவிட்ச் வாங்க முடியலையா? ரெண்டு சாதா சுவிட்ச் வாங்கி ஒண்ணோட ஒண்ணு இணைங்க. சர்வர்லேருந்து ஆளுக்கு ஒரு கேபிள், பாண்டிங்ல ஆக்டிவ்-பேக்கப் மோட். எல்ஏசிபியே தேவையில்ல. சுவிட்ச் ரெண்டும் வேற வேற யூபிஎஸ்ல இருக்கட்டும். லிங்க் டவுன் ஆனா மெயில் வரணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பட்டப்பகல்ல, நாமளே ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாக்கணும்.

அன்னைக்கு ராத்திரி இன்னொருத்தர் கிட்ட சுவிட்ச் கடன் வாங்கி ஒப்பேத்தினோம். சம்பளம் போயிடுச்சு :-)

நாளைக்கு ஆபீஸ் போனதும் ரேக்குக்குப் பின்னாடி ஒரு எட்டு போய்ப் பாருங்க. உங்க ரெண்டு கேபிளும் எங்க போகுது?