கொலுசுச் சத்தம்

பேய்ப்படம் எடுக்கிறவர்களும் அதில் நடிக்கிறவர்களும் தரும் பேட்டிகளில் ஒரு கொலுசுச் சத்தம் தவறாமல் கேட்கிறது. ஏதோ ஒரு மலைப் பங்களாவில் படப்பிடிப்பு. இரவு இரண்டு மணி. விளக்கு தானாக அணைகிறது. ஆளில்லாத மாடியில் கொலுசு. கதாநாயகிக்கு மறுநாள் ஜுரம். பேட்டி காண்பவர் கண்ணை அகல விரிக்கிறார். படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது.

இந்தப் பம்மாத்தில் எனக்கும் பங்குண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு வியாபாரப் பத்திரிகைக்காக, சின்னச் சின்னப் பேய் வேஷங்கள் கட்டிய ஒரு மூத்த நடிகையைச் சந்தித்தேன். இடுப்பில் கயிறு அறுத்த தழும்பு பற்றிச் சொன்னார். முகத்தில் பூசிய வெள்ளை விடியும்வரை அரித்தது பற்றிச் சொன்னார். தன் பயமெல்லாம் கூலி வருமா வராதா என்பதுதான் என்றார். பத்திரிகைக்கு இது வேண்டியிருக்கவில்லை. நான் கொலுசை எழுதிக் கொடுத்தேன். அவர் சொல்லாத கொலுசு.

இதைக் காவலூரில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜவ்வாது மலையின் இந்த ஊரில் இருட்டு பூச்சாண்டி அல்ல, பேணிக் காக்கும் சொத்து. 1972-ல் நாற்பது அங்குலத் தொலைநோக்கி இங்கே வந்தது. 1986-ல் வைனு பாப்பு பெயர் தாங்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி. 1977 மார்ச்சில் ஓரிரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் என்று காத்திருந்தார்கள். மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே நட்சத்திரம் மங்கி மீண்டது. நம் சினிமாக்காரர்களாக இருந்தால் கொலுசு கேட்டிருக்கும். இவர்கள் எப்போது, எத்தனை விநாடி, எவ்வளவு மங்கல் என்று குறித்தார்கள். துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். பிறகு அது யுரேனஸின் வளையம் என்று தெளிவாயிற்று. எண்ணியது தவறினாலும் குறித்தது தவறவில்லை.

இருட்டில் நடந்ததைச் சொல்ல இப்படியும் ஒரு முறை உண்டு என்பதுதான் என் கட்சி.

சினிமாவிலும் உண்டு. 1962-ல் த்ரூஃபோ ஹிட்ச்காக்கை நாட்கணக்கில் உட்கார்த்தி வைத்துக் கேட்டார். 'சைக்கோ'வின் குளியலறைக் கொலை, திரையில் 45 விநாடி, எடுக்க ஏழு நாள் பிடித்தது என்கிறார் ஹிட்ச்காக். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தவர், பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்களைக் கேட்டபின் மனம் மாறியதும் நமக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்தபின் பயம் குறைகிறதா? எனக்குக் கூடுகிறது. மனிதர்கள் சேர்ந்து சிருஷ்டித்த பயம் என்பதால்.

நம்மிடம் கேட்க விஷயம் இல்லாமலா போயிற்று? ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). நூறு வயது தாண்டிய ஜமீன்தாராக நம்பியார். ஒளிப்பதிவு வின்சென்ட். அடுத்த வருஷமே அவர் வைக்கம் முகம்மது பஷீரின் திரைக்கதையில் 'பார்கவி நிலைய'த்தை இயக்கினார். அந்த வயோதிகத்தை உடம்பில் எப்படிக் கொண்டுவந்தீர்கள், நிழலை எங்கே நிறுத்தினீர்கள் என்று உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியவர்கள். நம்பியார் 2008-லும் வின்சென்ட் 2015-லும் போய்விட்டார்கள்.

வெறும் விளம்பரத்துக்கு இத்தனை கோபமா என்று நண்பர்கள் கேட்பார்கள். விளம்பரம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பேச்சு இன்னொரு பேச்சை வாயடைக்கிறது. 'காஞ்சனா'வில் (2011) நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட திருநங்கை பேயாக வருகிறாள். உயிரோடு இருக்கையில் கிடைக்காத நியாயம் செத்து, ஒரு கதாநாயகனின் உடம்பில் புகுந்தால்தான் கிடைக்குமா? திருநங்கையாக நடிக்க ஒரு ஆண் நட்சத்திரம்தானா? தமிழ்ப் பேய்ப்படங்களில் திரும்பத் திரும்ப வருவது இப்படி அநியாயமாகச் செத்தவர்கள்தான். பேட்டியில் அவர்கள் கொலுசாகச் சுருங்கிவிடுகிறார்கள்.

மலைக்கும் இதே கதி. அமானுஷ்யமான இடம் என்று ஒரு வார்த்தை. அங்கே அடுப்பெரித்து வாழும் சனங்கள் படத்திலும் இல்லை, பேட்டியிலும் இல்லை. மலையில் பயம் இல்லை என்று சொல்லவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் சிலர் இந்த ஜவ்வாது மலைக்காரர்கள். வேலைக்குப் போன புருஷன் பிணமாக வந்த வீடுகள் இங்கே இருக்கின்றன. பயம் என்றால் இங்கே அதுதான். எந்த மாடியிலும் இவர்களுக்காகக் கொலுசு ஒலிக்கவில்லை.

ஆகவே எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பேய்ப்பட நடிகை எதிரே வந்து உட்கார்ந்தால், கூலி எவ்வளவு, வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். கயிறு எங்கே அறுத்தது, எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்று கேளுங்கள். அவர் கொலுசுச் சத்தம் என்று ஆரம்பித்தால், அது யாருடையது என்று கேளுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைக் கையில் பிடித்துக் குலுக்கிய ஆள் ஒருவர் இருப்பார். அவருக்குப் பெயர் உண்டு. அதை எழுதுங்கள்.