இரண்டையும் மருந்து என்றுதான் சொல்கிறோம்

பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு மாத்திரை உண்டு. என் கணவருக்கு வயது 74. வங்கியில் காசாளராக இருந்தவர். மூன்று வருஷமாக அல்சைமர். மாத்திரையின் பெயர் டோனெபெசில். மன்னார்குடிப் பக்கம் என் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு பாட்டில் தொங்கும். வயலுக்கு மருந்து அடிக்கிற பாட்டில். இந்த இரண்டும் உடம்புக்குள் போய்த் தேடுவது ஒரே ஆளைத்தான் என்பது எனக்கு 66 வயதில்தான் தெரிந்தது. 31 வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்தவள் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த ஆள் ஒரு நொதி. பெயர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வேலை எளிது. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கோ தசைக்கோ சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. 1921-இல் ஓட்டோ லோவி என்பவர் தவளை இதயத்தை வைத்து இதைக் கண்டுபிடித்தார். சோதனையை எப்படிச் செய்வது என்பது கனவில் வந்ததாம். தூக்கக் கலக்கத்தில் குறித்து வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லையாம். மறுநாள் ராத்திரியும் அதே கனவு வர, விடியும்வரை காத்திராமல் எழுந்து ஆய்வகத்துக்கு ஓடியிருக்கிறார். 1936-இல் நோபல் பரிசு. (இந்தக் கதையை வகுப்பில் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சும் கேட்டிருக்கும்.)

சேதி போய்ச் சேர்ந்ததும் கரும்பலகையை உடனே அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சேதியை எழுத முடியாது. அழிக்கிற டஸ்டர்தான் நம்முடைய நொதி. ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலினைப் பிளந்துவிடும்.

அல்சைமரில் இந்த அசிட்டைல்கோலினை உண்டாக்கும் மூளை செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. அதனால் டோனெபெசில் டஸ்டரின் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. எழுதியது இன்னும் சிறிது நேரம் நிற்கும். நோயை நிறுத்தாது, செத்த செல்லைப் பிழைக்க வைக்காது. சிலருக்குக் கொஞ்ச காலம் உதவும், அவ்வளவுதான்.

போன மார்கழியில் இவருக்கு ஜலதோஷம். மருந்துக்கடையில் சொன்னேன், ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சீட்டும் கேட்கவில்லை, வயதும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி இவர் லாக்கர் சாவியைத் தேட ஆரம்பித்தார். என்னைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அழுதேன். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "வேற என்னம்மா குடுத்தீங்க?" ஜலதோஷ மாத்திரையில் இருந்த குளோர்பெனிரமின், அசிட்டைல்கோலினின் சேதியை வாங்கும் இடத்தையே அடைக்கக்கூடியது. ஒரு மாத்திரை வண்டியை முன்னால் தள்ள, இன்னொன்று பின்னால் இழுத்திருக்கிறது. நிறுத்தி மூன்று நாளில் தெளிந்தார். பழைய தூக்க மாத்திரைகள் சிலவும், சிறுநீர் அடக்கத்துக்குக் கொடுப்பவை சிலவும் இதே வேலையைச் செய்யும். நம் பக்கத்து வீடுகளில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் நாலு டாக்டர். நாலு சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை. அதை யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.

இனி அண்ணன் வீட்டுப் பாட்டில். மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் டஸ்டரின் கையைப் பிடிப்பதோடு விடுவதில்லை, ஒடித்தே விடுகின்றன. சேதி அழியாமல் குவியும். எச்சில், கண்ணீர், வியர்வை கொட்டும், கண்பாவை ஊசிமுனையாகும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நின்றுபோகும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அட்ரோபின் எப்படிக் காப்பாற்றுகிறது தெரியுமா? சேதி வாங்கும் இடத்தை அடைத்து. ஜலதோஷ மாத்திரை இவருக்குச் செய்த அதே காரியம்! உயிரைக் காப்பதும் புத்தியைக் குழப்புவதும் ஒரே பூட்டு.

குடித்தால்தான் ஆபத்து என்றில்லை, தோல் வழியாகவும் ஏறும். தெளிக்கும்போது மேலே பட்டால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே 108. பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள்.

2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் இருந்தது மானோகுரோட்டோபாஸ். எண்ணெய் சரியில்லை என்று சமையல்கார அம்மா சொல்லியும் சமைக்கச் சொன்னார்கள் என்று செய்தி வந்தது. சத்துணவு வரிசையில் தட்டோடு நிற்கும் பிள்ளைகளைத் தினமும் பார்த்த எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. அந்த மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று 2005-இலேயே நம் நாட்டில் தடை உண்டு. அதன் 36 சதவீதக் கரைசலை நிறுத்த மத்திய அரசுக்கு 2023 வரை ஆனது. அதற்கும் கையிருப்பை விற்றுத் தீர்க்க ஒரு வருஷ அவகாசம். இலங்கை 1995-இலேயே தடை செய்தது. தொடர்ந்து வேறு கொடிய மருந்துகளையும் நீக்கியது. அடுத்த இருபது வருஷத்தில் அங்கே தற்கொலைச் சாவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. விளைச்சல் ஒன்றும் படுத்துவிடவில்லை.

தமிழ்நாடு அரசும் 2023 தொடக்கத்தில் இப்படிப்பட்ட ஆறு மருந்துகளைத் தடுத்தது. 60 நாளைக்கு! 1968-ஆம் வருஷத்துச் சட்டப்படி மாநிலத்துக்கு உள்ள அதிகாரம் தற்காலிகத் தடைக்குத்தான். நிரந்தரமாகத் தடுக்க டெல்லிதான் மனசு வைக்க வேண்டும். சாவு நடப்பது நம் ஊர் ஆஸ்பத்திரியில், பூட்டின் சாவி அங்கே. இந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் அறுபது தாண்டியவரிடம் "வேறு என்ன சாப்பிடறீங்க" என்று கேட்பதற்கோ சட்டம்கூட வேண்டாம்.

அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். "நாப்பது வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடிச்ச அன்னிக்கு சாயங்காலம் தலைவலிதான் உசிரு போகும்" என்றார். பாட்டில் இப்போது தகரப் பெட்டிக்குள். சாவி அண்ணியின் இடுப்பில்.