தோலுக்குத் தீட்டா, தொழிலாளிக்குத் தீட்டா?

சென்னையிலிருந்து தெற்கே ரயிலில் வந்தால், பல்லாவரத்தை அடுத்துக் குரோம்பேட்டை என்று ஓர் ஊர் வரும். எந்தச் சாமியின் பேரால் அவ்வூர் உண்டாயிற்று? எந்த ரிஷி அங்கு தவஞ் செய்தார்? ஒருவருமில்லை. 1912ல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே குரோம் லெதர் கம்பெனி என்று தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்தார். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்காக ஊறவேண்டிய தோலைக் குரோமிய உப்பு சில நாளில் பதப்படுத்திவிடும். அந்தக் குரோமே ஊரின் பேராகி, கம்பெனி மறைந்த பின்னும் நிலைத்துவிட்டது.

1949ல் எம்.ஐ.டி. என்னும் எஞ்சினீரிங் கல்லூரியும் அங்கு வந்தது. சாஸ்திரிகளும் சர்மாக்களும் அவ்வூரில் மனை வாங்கி, தோல் கம்பெனியின் பேரைத் தங்கள் விலாசத்தில் எழுதிக்கொள்ளுகிறார்கள். தீட்டு ஒட்டவில்லை! ஆனால் தலைமுறை தலைமுறையாய்த் தோல் உரித்துப் பதனிட்டவன் மட்டும் தெருவில் வந்தால் தீட்டாம்!

நம் பக்கத்தில் கவலை இறைத்த காலத்தில், கிணற்றுத் தண்ணீர் சாலின் தோல் வால் வழியாகத்தானே வாய்க்காலுக்கு வந்தது? அதில் விளைந்ததைத்தானே சாமிக்கும் படைத்தோம்? அத்தோலைத் தைத்துக் கொடுத்தவனை அக்கிணற்றில் இறங்க விட்டோமா? பஜனையில் மிருதங்கம் வாசிப்பவர் தட்டுவது எதை?

ஆகவே தீட்டு தோலிலும் இல்லை, தொழிலிலும் இல்லை. உழைப்பவனைத் தாழ்த்திக் கூலியைக் குறைக்கும் தந்திரத்திலேயே இருக்கின்றது. 1950ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தாயிற்று. உங்கள் ஊர் டீக்கடைத் தம்ளர், கோயில் வாசல், சுடுகாடு மூன்றையும் போய்ப் பாருங்கள். ஒழிந்ததா என்று அவை சொல்லும்.