விருந்துக்குப் பணம் கட்டியது யார்?

அண்மையில் ஒரு மாவட்டத் தலைநகரில் டாக்டர்கள் சங்கத் தேர்தலையொட்டி நடந்த விருந்தைப் பார்க்க நேர்ந்தது. ஓட்டல் வாசலில் வேட்பாளரின் ஆளுயரப் படம். உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் ஒரு பை கொடுத்தார்கள். அதன் ஒரு பக்கம் சங்கத்தின் முத்திரை, மறுபக்கம் மருந்துக் கம்பெனியின் பெயர். சர்க்கரை நோயைப் பற்றி அரை மணி நேரப் பேச்சு நடந்தது, அதற்கு சி.எம்.இ., அதாவது தொடர் மருத்துவக் கல்வி என்று பெயர். பேச்சு முடிந்ததும் வேட்பாளர் கைகூப்பியபடி மேஜை மேஜையாக வந்தார். "சார், இந்தத் தடவை நம்மளை மறந்துடாதீங்க." சாப்பாட்டுக் கூடத்தின் ஓரமாகக் கழுத்தில் டை கட்டிய மருந்துக் கம்பெனி ரெப் இளைஞர்கள் நின்றிருந்தார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவர்களில் ஒருவர் போனில் குறித்துக்கொண்டிருந்தார்.

தலைமைப் பொறுப்புக்கு ஒரு டாக்டர் ஆசைப்படுவதில் தவறே இல்லை. 1928இல் கல்கத்தாவில் கூடிய மருத்துவர்கள் தொடங்கிய அமைப்புதான் இன்றைய இந்திய மருத்துவச் சங்கம். அதை வளர்த்தவர்களில் ஒருவர் பி.சி.ராய். மேற்கு வங்க முதல்வரான பிறகும் தினமும் ஏழை நோயாளிகளைப் பார்த்துவந்தவர். அவர் பிறந்ததும் மறைந்ததும் ஜூலை 1 என்பதால்தான் அந்த நாளை டாக்டர்கள் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்தச் சங்கத்துக்கு இருக்கும் பலமும் சாதாரணமானதல்ல. கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டபோது, சங்கம் விடுத்த ஒரே அழைப்பில் 2024 ஆகஸ்ட் 17 அன்று நாடெங்கும் டாக்டர்கள் 24 மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அவ்வளவு பேரைத் திரட்டக்கூடிய நாற்காலியில் உட்கார வருகிறவர் கறைபடாத கையோடு வர வேண்டும் என்று நோயாளி எதிர்பார்ப்பதும் நியாயம்தான்.

நமக்குக் கோபமூட்டுவது சங்கங்களுக்கென்று வைத்துக்கொண்ட சலுகை. மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல், ரொக்கம் எதையும் வாங்கக்கூடாது என்று 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் நன்னடத்தை விதிகளில் 6.8 என்ற பிரிவைச் சேர்த்தது. அது டாக்டர்களையும் டாக்டர்களின் சங்கங்களையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியது. 2016 பிப்ரவரியில் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். 1,000 ரூபாய்க்கு மேல் 5,000 வரை பரிசு வாங்கிய டாக்டருக்குக் கண்டனம், 10,000 வரை என்றால் பதிவேட்டிலிருந்து 3 மாதம் பெயர் நீக்கம், லட்சத்தைத் தாண்டினால் ஓராண்டுக்கும் மேல் என்று அளந்து அளந்து தண்டனை வகுத்தார்கள். அதே திருத்தத்தில் 'சங்கங்கள்' என்ற சொல்லை மட்டும் விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிராமத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஒரு சூட்கேஸ் வாங்கினால் குற்றம். அவருடைய சங்கம் மாநாட்டுக்கே பணம் வாங்கினால் குற்றமில்லை.

இந்த விலக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதும் தெரிந்த கதைதான். 2008இல் பெப்சிகோவின் டிராபிகானா பழச்சாற்றுக்கும் குவாக்கர் ஓட்ஸுக்கும் இந்திய மருத்துவச் சங்கம் தன் பெயரைக் கொடுத்தது. கவுன்சில் அதைத் தவறு என்று சொல்லி நிர்வாகிகள் மீது நடவடிக்கை எடுத்தது. சங்கத்தின் மீது கை வைக்க உங்களுக்கு அதிகாரமில்லை என்ற வாதம் அப்போது எழுந்தது. கடைசியில் அந்த வாதமே விதியாகிவிட்டது.

2023 ஆகஸ்டில், கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. மருந்துக் கம்பெனி பணம் போடும் கருத்தரங்குகளுக்கு டாக்டர்கள் போகக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. சங்கம் எதிர்த்தது. மூன்றே வாரத்தில் விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஜெனரிக் பெயரில்தான் மருந்து எழுத வேண்டும் என்ற இன்னொரு விதி பற்றிச் சங்கம் எழுப்பிய கேள்விகளில் நியாயம் இருந்தது. மருந்தின் தரத்தை உறுதிசெய்யாமல் டாக்டரை மட்டும் கட்டாயப்படுத்துவது சரியல்ல. ஆனால் கருத்தரங்குப் பணத்துக்காகவும் அதே குரலை உயர்த்தியிருக்க வேண்டியதில்லை.

"கம்பெனி உதவாவிட்டால் சி.எம்.இ. நடத்தவே முடியாது" என்கிறார்கள். ஏற்க முடியாது. எந்த மாவட்டத்திலும் ஒரு மருத்துவக் கல்லூரியோ பெரிய ஆஸ்பத்திரியோ அதன் விரிவுரை அரங்கைத் தராமலா போய்விடும்? டீயும் பிஸ்கட்டும் வாங்க சந்தாப் பணம் போதாதா? படிப்புக்குப் பணம் தேவைப்படுவதில்லை, ஓட்டலுக்குத்தான் தேவைப்படுகிறது.

அந்த ஓட்டல் பில் எங்கே போய்ச் சேருகிறது என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் தொடுத்த வழக்கு அது. டாக்டர்களுக்குக் கொடுக்கும் இலவசங்களுக்கு வருமான வரியில் கழிவு கிடையாது என்று தீர்ப்பளித்த நீதிபதிகள், அந்தச் செலவெல்லாம் மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தீர்ப்பு தேவையில்லை. சீட்டை நீட்டும் பெரியவர் முதலில் விலையைக் கேட்கிறார். பிறகு இடுப்பிலிருந்து சுருட்டிய நோட்டை எடுத்து எண்ணுகிறார். "அஞ்சு நாளைக்கு மட்டும் குடு தம்பி, மீதியை அப்புறம் வாங்கிக்கிறேன்." கடைப் பையன் அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டுகிறான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மருத்துவக் கவுன்சில் தலைவராக இருந்த கேதன் தேசாயை 2010 ஏப்ரலில் லஞ்சக் குற்றச்சாட்டில் சி.பி.ஐ. கைது செய்தது. 2016இல் அவர் உலக மருத்துவச் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். அவர் குற்றவாளியா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை, நம் வேலையல்ல. சந்தேகத்தின் நிழல் முழுதாக விலகும்வரை காத்திருங்கள் என்று சொல்ல வேண்டிய கடமை இந்திய மருத்துவச் சங்கத்துக்கு இருந்தது. அது அவருக்குத் துணையாகத்தான் நின்றது. அது பெரும் பிழை.

பதஞ்சலி விளம்பரங்களை எதிர்த்து இதே சங்கம் தொடுத்த வழக்கில், முதலில் உங்கள் வீட்டைச் சரிசெய்யுங்கள் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதனிடமே சொன்னது. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. 6.8 பிரிவில் 'சங்கங்கள்' என்ற சொல்லைத் திரும்பச் சேர்க்கும்படி சங்கமே ஆணையத்திடம் கேட்க வேண்டும். கம்பெனிகளிடமிருந்து எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று ஒவ்வொரு கிளையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தேர்தல் செலவுக் கணக்கைக் காட்டாத வேட்பாளர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர்.

வாக்குரிமை உள்ள டாக்டர்களே, அடுத்த விருந்துக்கு அழைப்பு வரும்போது, மேஜைக்கு வந்து கைகூப்புகிறவரிடம் கேளுங்கள்: இந்தச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது யார்? அவர் சிரித்து மழுப்பினால் அவருக்கு வாக்களிக்காதீர்கள்.