தொன்மையை டெண்டர் விடலாமா?

ஓர் ஊரின் தொல்லியல் செல்வங்களை எப்படிப் பேணுவது என்ற கேள்வி எழுந்ததும் நம் அரசு அலுவலகங்கள் முதலில் செய்யும் காரியம் டெண்டர் விடுவது. ‘ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம்’ ஒன்றைத் தயாரித்துத் தர ஆலோசனை நிறுவனங்கள் அழைக்கப்படுகின்றன. ஏதோ ஒரு பெருநகரத்து நிறுவனம் தேர்வாகிறது. சில மாதங்கள் கழித்து வழவழப்பான தாளில், வண்ணப்படங்களோடு, ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை வந்து சேர்கிறது. அறிக்கை வந்துவிட்டதால் பாதுகாப்பும் வந்துவிட்டதாக நாமும் நம்பத் தொடங்குகிறோம். இந்த நம்பிக்கையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நிபுணர்களை ஏசும் கட்டுரையன்று. கருங்கல் கட்டுமானத்தின் இடுக்குகளில் சிமெண்ட் பூசினால் என்ன கேடு, ஓவியத்தின் மேல் அடித்த வெள்ளையை எப்படி அகற்றுவது, பாறைக் கல்வெட்டைச் சிதைக்காமல் எப்படிப் படியெடுப்பது என்பதெல்லாம் பல்லாண்டுப் பயிற்சியில் வரும் அறிவு. அந்த அறிவுக்கு ஊதியம் தர வேண்டியது நம் கடமை. என் தரப்பு வேறு. கேள்வியை எழுதத் தெரியாதவர் விடையை விலைக்கு வாங்க முடியாது. நம் நகராட்சிகளும் ஊராட்சிகளும் மாவட்ட நிர்வாகங்களும் தங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று அறியாமலேயே அதைப் பேணும் திட்டத்தை வெளியாரிடம் கேட்கின்றன. விடையோடு சேர்த்துக் கேள்வியையும் அந்த வெளியாரே எழுதிவிடுகிறார்.

டெண்டரின் உள்ளமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தகுதிப் பகுதியில் நிறுவனத்தின் ஆண்டு வரவுசெலவு இத்தனை கோடி இருக்க வேண்டும் என்றும், இதே மதிப்பில் இத்தனை பணிகளை முடித்திருக்க வேண்டும் என்றும் வழக்கமாக நிபந்தனை இருக்கும். முப்பது வருடங்களாக ஒரு வட்டாரத்தின் நடுகற்களைத் தேடி அலைந்த பள்ளி ஆசிரியர் இந்த முதல் வாசலிலேயே நின்றுவிடுகிறார். மாவட்டத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையும் அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்தது பணம் தரும் முறை. தொடக்க அறிக்கைக்கு இவ்வளவு, வரைவு அறிக்கைக்கு இவ்வளவு, இறுதி அறிக்கைக்கு இவ்வளவு என்று தவணைகள் பிரிக்கப்படுகின்றன. எல்லாத் தவணைகளும் தாளோடு கட்டப்பட்டவை. சின்னம் இரண்டு மழைக்காலங்களைத் தாங்கி நின்றதா என்று பார்த்துத் தரப்படும் தவணை எதுவும் அதில் இல்லை. போதாததற்கு, விரிவான திட்ட அறிக்கைக்கான கட்டணம் பல நேரங்களில் திட்ட மதிப்பின் விழுக்காடாக அமைகிறது. கட்டுமானம் பெருத்தால் கட்டணமும் பெருக்கும். ‘இங்கே எதையும் கட்டாதீர்கள், ஒரு காவலரை நியமித்து, வேர்விடும் ஆலங்கன்றை வருடம் இருமுறை அகற்றுங்கள்’ என்று எழுதும் ஆலோசகர் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். நம் பாரம்பரியத் திட்டங்கள் ஏன் எப்போதும் பேவர் பிளாக்கிலும் ஹைமாஸ் விளக்கிலும் விளக்க மையக் கட்டடத்திலும் போய் முடிகின்றன என்பதற்கு யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது.

இதற்கு நம் கண்முன்னே நடந்த உதாரணம் ஒன்று உண்டு. 2015 ஜனவரியில் மத்திய அரசு ‘ஹிருதய்’ என்ற பாரம்பரிய நகரத் திட்டத்தைத் தொடங்கியது. 12 நகரங்கள், 500 கோடி ரூபாய். தமிழகத்திலிருந்து காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் அதில் இடம்பெற்றன. ஒவ்வொரு நகருக்கும் திட்டம் வகுத்து வழிநடத்த ஒரு வெளி அமைப்பு நியமிக்கப்படும். அதற்கு ‘சிட்டி ஆங்கர்’ என்று பெயர். ஆங்கர் என்றால் நங்கூரம். பெயர் வைத்தவர் அறிந்து வைத்தாரோ அறியாமல் வைத்தாரோ, பொருத்தமான பெயர்தான். நங்கூரம் துறைமுகத்துக்குச் சொந்தமானதன்று, கப்பலுக்குச் சொந்தமானது. கப்பல் கிளம்பும்போது அதுவும் உடன் கிளம்பிவிடும். 2019 மார்ச் 31 அன்று திட்டக்காலம் முடிந்தது. நங்கூரங்கள் போயின.

காஞ்சிபுரத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். தரைக்கு மேலே தெரிவது கோயில்கள். தரைக்குக் கீழே கிடப்பது நகரம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அகழாய்வுகள் அங்கே பல்லவருக்கும் முற்பட்ட, தொடக்க வரலாற்றுக் கால மண்ணடுக்குகளைக் காட்டியிருக்கின்றன. ஒரு வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும், ஒரு தெருவில் பாதாளச் சாக்கடைக்குக் குழி வெட்டும்போதும் அந்த அடுக்குகள் லாரியில் ஏறுகின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லைக்கும் அதைச் சுற்றிய தடை, கட்டுப்பாட்டு வளையங்களுக்கும் வெளியே தோண்டும் குழியைத் தொல்லியலாளர் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. ஓர் உண்மையான மேலாண்மைத் திட்டத்தின் முதல் அத்தியாயம் அதுவாகத்தான் இருக்க முடியும். ஹிருதய் திட்டத்தின் வரையறையோ சாலை, குடிநீர், கழிவுநீர், கழிப்பறை, தெருவிளக்கு ஆகிய குடிமை வசதிகளையே மையமாகக் கொண்டது. வரும் பக்தர்களுக்கு இவை தேவையில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கழிப்பறையைக் கட்டிவிட்டு அதற்குப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று பெயரிடும்போது, அடுத்த முறை பாதுகாப்புக்கு நிதி கேட்பவரிடம் ‘அதுதான் கொடுத்தாயிற்றே’ என்ற பதில் தயாராகிவிடுகிறது.

எந்தத் திட்டத்துக்கும் முன்பாக இருக்க வேண்டியது ஒரு பட்டியல். எது எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல். இந்த எளிய காரியத்தில் நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பதற்குத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கையே சாட்சி. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதாகச் சொல்லப்பட்ட சின்னங்களில் 1,655ஐத் தணிக்கையாளர்கள் துறையினரோடு சேர்ந்து நேரில் பார்வையிட்டபோது 92 சின்னங்கள் இருந்த இடத்தில் இல்லை. அவற்றில் சிலவற்றைப் பின்னர் துறை தேடிக் கண்டுபிடித்தது, எல்லாவற்றையும் அல்ல. சட்டத்தின் முழுப் பாதுகாப்பு பெற்றவற்றின் கதியே இது. எந்தப் பட்டியலிலும் ஏறாத ஏரிக்கரை நடுகல்லுக்கும், வயலோர முதுமக்கள் தாழிக்கும், மலைக்குகைக் கற்படுக்கைக்கும் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

திட்டம் எழுதப்பட்டுவிட்டால் மட்டும் என்ன நடந்துவிடுகிறது என்பதை அறிய அண்டை மாநிலத்து ஹம்பியைப் பார்க்கலாம். 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஹம்பி, துங்கபத்திரையின் குறுக்கே கட்டப்பட்ட பாலங்களின் காரணமாக 1999இல் ‘ஆபத்திலுள்ள’ இடங்களின் பட்டியலுக்குப் போனது. அதிலிருந்து மீள்வதற்காக எல்லாம் செய்யப்பட்டது. தனிச் சட்டம் வந்தது, மேலாண்மை ஆணையம் வந்தது, டெல்லி நிபுணர்கள் வகுத்த ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டமும் வந்தது. 2006இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து ஹம்பி விடுபட்டது. சர்ச்சைக்குரிய பாலங்களில் ஒன்று 2009இல் கட்டுமானத்தின்போதே இடிந்து விழுந்து தொழிலாளர்களைப் பலிகொண்டது. 2011 ஜூலையில் விரூபாட்சர் கோயிலுக்கு முன்னாலிருந்த கடைவீதிக்கு புல்டோசர்கள் வந்தன. கல்மண்டபங்களை ஒட்டி வீடும் கடையும் அமைத்து வாழ்ந்துவந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பழைய மண்டபங்களைப் பலர் ஆக்கிரமித்து மாற்றிக் கட்டியிருந்தது உண்மைதான். ஆயினும் சட்டமும் ஆணையமும் திட்டமும் சேர்ந்து இருந்த ஓர் ஊரில், அங்கு வாழ்ந்தவர்களோடு பேசி முடிக்க வேண்டிய காரியத்தை இயந்திரத்தைக் கொண்டு முடித்தார்கள் என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? அந்தத் திட்டத்தில் ஊர்மக்கள் தாள்மேல் ஒரு ‘பங்குதாரர்’; தரையில் ஓர் ‘ஆக்கிரமிப்பாளர்’. தன் ஊரைப் பற்றிய ஆவணத்தைத் தன் மொழியில் படிக்க முடியாதவர் அதன் பங்குதாரராக எப்படி இருக்க முடியும்?

இதற்கு நேர் எதிரான காட்சியை மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் கண்டோம். மேலூர் வட்டத்தில், ஏழு குன்றுகள் சூழ்ந்த சிற்றூர் அது. தமிழி எழுத்துப் பொறித்த சமணக் குகை, தீர்த்தங்கரர் சிற்பத்தோடு வட்டெழுத்துக் கல்வெட்டு, முற்காலப் பாண்டியர் குடைவரை, அதில் லகுலீசர் சிற்பம் என்று சமணமும் சைவமும் அடுத்தடுத்து நிற்கும் இடம். 2022 நவம்பரில் தமிழக அரசு அங்கே 193 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதல். இரண்டே வருடங்களில், 2024 நவம்பரில், அந்தப் பரப்பையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்கு ஏலம் முடிந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. வரைபடம் கைவசம் இருந்தும் கோடு மலையின் மேலேயே விழுந்தது. அதைத் தடுத்தவர்கள் யார்? கிராம சபைகளில் தீர்மானம் போட்ட ஊர்மக்கள். 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரையை நோக்கித் திரண்ட விவசாயிகளும் பெண்களும். சட்டமன்றம் அதற்கு முன்பே எதிர்த்துத் தீர்மானம் இயற்றியிருந்தது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அரிட்டாபட்டிக்காரர்களிடம் மேலாண்மைத் திட்டம் என்ற பெயரில் தாள் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பாறையில் என்ன இருக்கிறது, எந்தச் சுனை எந்தக் கண்மாய்க்கு நீர் தருகிறது என்ற அறிவு இருந்தது. அதைக் காக்க வேண்டும் என்ற விருப்பமும் இருந்தது. இரண்டையும் எந்த டெண்டரிலும் வாங்க முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஊர்மக்களை இப்படிப் புனிதப்படுத்தலாமா? திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டு மேல் மணல் வீசித் தேய்த்தது யார்? சிற்பத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்தது யார்? சமணப் படுக்கையில் காதலி பெயரைச் செதுக்கியது யார்? கிரானைட் குவாரியில் பங்குபெற்றவர்களில் உள்ளூர்க்காரர்களே இல்லையா? நியாயமான கேள்விகள். ஊர் என்பது ஒரே மனமுடைய ஒன்றன்று. சாதியும் பணமும் அதைப் பிளக்கின்றன. ஆனால் இந்த மறுப்பு நிரூபிப்பது உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்பதையே. ஆறு மாதம் வந்துபோகும் நிறுவனத்தால் எனாமல் பெயின்டைத் தடுக்க முடியாது. டப்பாவைத் திறக்கும் அன்று அங்கே இருப்பவர்தான் தடுக்க முடியும்.

ஆலோசகர்கள் பயன்படும் விதத்துக்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே 1990இல் வந்த திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பின், கட்டடம் கட்டுபவரே தம் செலவில் தொல்லியல் ஆய்வு செய்விக்க வேண்டும் என்ற நடைமுறை நிலைபெற்றது. அகழாய்வு நிறுவனங்கள் தொழிலாகவே பெருகின. அந்த முறை இயங்குவதற்குக் காரணம் நிறுவனங்களுக்கு எதிரே அமர்ந்திருக்கும் ஒரு மனிதர். உள்ளாட்சி மன்றத்தின் தொல்லியலாளர் அவர். வட்டாரத்தின் தொல்லியல் பதிவேடு அவர் கையில் இருக்கிறது. என்ன தோண்ட வேண்டும், எவ்வளவு ஆழம், எதைப் பதிய வேண்டும் என்று அவர் எழுதித் தருகிறார், செய்ததைச் சரிபார்க்கிறார். நாம் அங்கிருந்து ஆலோசகரை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, அவரைக் கேள்வி கேட்கும் மனிதரை விட்டுவிட்டோம்.

ஆகவே வேண்டுவன இவை. முதலில், ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் தமிழில் ஒரு தொல்லியல் பதிவேடு. ஆசிரியர்கள், மாணவர்கள், ஆர்வலர்கள் தொகுக்க, தொல்லியல் துறை சரிபார்க்க வேண்டும். இரண்டாவதாக, ஆலோசகரிடம் கேட்கப்போகும் கேள்விகள் டெண்டருக்கு முன்பே கிராம சபையில் அல்லது நகர்மன்றத்தில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, கட்டணத்தில் கணிசமான பங்கு சின்னத்தின் நிலையைப் பார்த்து, இரண்டு வருடங்களுக்குப் பின் தரப்பட வேண்டும். நான்காவதாக, அறிக்கையும் வரைபடங்களும் நிழற்படங்களும் ஊரின் உடைமையாக, யாரும் பார்க்கத்தக்க இடத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஆளும் வண்டியும் அதிகாரமும் தர வேண்டும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. ஆணையத்தை அமைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டத்துக்கே இத்தனை வருடம் காத்திருக்கும் நிர்வாகத்தில், அறிக்கைக்கு அலமாரியில் எத்தனை வருடம் கிடைக்கும் என்று யூகிப்பது கடினமன்று.

ஹிருதய் திட்டம் நடந்த அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், முதல் பராந்தகன் காலத்தில், அங்கே சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டியது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். அது நிலமுடைய அந்தணர்களின் சபை. மற்றவருக்கு அதில் இடமில்லை. பொற்காலம் பாட அதில் ஒன்றுமில்லை. ஆனால் அக்கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர். பாரம்பரியம் என்று நாம் காக்க விரும்பும் கல்லே, காப்பவரிடம் கணக்குக் கேள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த டெண்டரை எழுதுபவர் ஒருமுறை அங்கே போய் அதை வாசித்துவிட்டு வரட்டும்.