கருளன் போன தூரம்
ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் படிக்கட்டில் பையன்கள் இருவர் யு-கி-ஓ என்ற ஜப்பானிய விளையாட்டின் அட்டைகளைப் பரப்பி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இறக்கியது ‘காற்றின் ஆவி கருடா’: தாக்கும் வலு 1600, காக்கும் வலு 1200. பெரிய திருவடியான கருடனுக்கே மார்க் போட்டுவிட்டார்களே என்று சிரிப்பு வந்தது. ஆனால், ஜப்பான்காரன் நம்மிடமிருந்து நேற்று சுட்ட சரக்கு இல்லை இது. பௌத்தத்தின் கைபிடித்துச் சீனம் வழியாகப் போன கருடன் அங்கே ‘கருரா’ ஆனான். நாரா நகரின் கோஃபுகுஜி கோயிலில் 8ஆம் நூற்றாண்டிலிருந்து பறவைத் தலையும் மனித உடம்புமாய், மார்பில் கவசத்தோடு நிற்கிறான். பாலி மொழியில் அவன் பெயர் ‘கருள’. ஆழ்வார் பாசுரங்களிலும் கருளன் உண்டு! அந்த ளகரம்தான் ஜப்பானில் ரகரமாகக் கேட்கிறது போலும். அட்டைக்காரர்கள் என்னவோ கருரா வேண்டாமென்று வடமொழிப் பெயரையே அச்சடித்துவிட்டார்கள். அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வலுவுக்கு எண் போடுவதும் நமக்குப் புதிதா என்ன? நாச்சியார்கோவில் கல் கருடனைப் புறப்பாட்டின்போது சன்னிதியிலிருந்து 4 பேர் தூக்குவார்கள்; வெளியே வரவர 8, 16, 32, 64 என்று ஆள் கூடும், திரும்பும்போது அதே கணக்கில் குறையும். நகர நகர எடை ஏறுகிறது என்பது ஊர் நம்பிக்கை. எந்த அட்டையிலும் இப்படியொரு விதி இருப்பதாகத் தெரியவில்லை. அட்டையைப் பிடுங்கிப் பரணில் வைக்கும் பெற்றோர்களே, மார்கழியிலோ பங்குனியிலோ பிள்ளைகளைக் கும்பகோணம் பக்கம் ஒரு நடை கூட்டிப்போய் அந்தப் புறப்பாட்டைக் காட்டுங்கள்.